பழுத்த மெழுகு

ஆஸ்பத்திரி வளாகத்தில் இருக்கும் எங்கள் மருந்து விநியோகப் பிரிவில் பதினெட்டு சைக்கிள்கள் இருந்தன. பதினெட்டும் ஓடிக்கொண்டிருந்தன. அதுதான் வினை. ஒரு துறையில் ஒரு பொருள் ஒழுங்காக ஓடினால் அதைப் பற்றிக் கோப்பு இருக்காது. கோப்பு இல்லாத எதையும் புதிதாக வரும் அதிகாரி சும்மா விட்டுவைத்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

என் வேலை ஒன்றும் பிரமாதமில்லை. தினமும் காலை எட்டரைக்கு ஐஸ்பெட்டியில் பதினோரு ஊசி மருந்துச் சீசாக்களை வாங்கி, சைக்கிள் எண் ஏழின் முன்பக்கம் கட்டி, பதினோரு வீடுகளில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். எல்லாம் குளிர்பதனப் பெட்டி வாங்க வழியில்லாத வீடுகள், வெளியே நடமாட முடியாத நோயாளிகள். பெட்டியில் ஐஸ் மூன்று மணி நேரம் தாங்கும். சைக்கிளில் போனால் எனக்கு இரண்டே கால் மணி நேரம். ஒவ்வொரு சீசாவின் கழுத்திலும் ஒரு நீலப் புள்ளி உண்டு. குளிர் போனால் புள்ளி சிவந்துவிடும். சிவந்த மருந்தைக் கொடுக்கக் கூடாது, திருப்பிக் கொண்டுவந்துவிட வேண்டும். பதினாறு வருடத்தில் நான் ஒரு சிவப்புப் புள்ளியைப் பார்த்ததில்லை. தெருவில் என் சொந்தப் பெயர் யாருக்கும் தெரியாது. 'ஐஸ்பெட்டி' என்றால் பச்சைக் குழந்தையும் கை காட்டும்.

பதினோராவது வீடு என் மச்சான் வீடு. என் மனைவியின் அண்ணன். லாரி மெக்கானிக்காக இருந்தவர். சர்க்கரையில் இடது கால் போனது, வாய் மட்டும் போகவில்லை.

இனி நடந்ததைச் சொல்கிறேன்.

புதிய இயக்குநர் பொறுப்பேற்ற மூன்றாம் நாள் எங்கள் பிரிவைப் பார்வையிட வந்தார். வெள்ளைக் கால்சட்டை. வராந்தாவில் சைக்கிள்கள் நின்றிருந்தன. கடைசி சைக்கிளுக்குச் செயின் கவர் கிடையாது. அவர் திரும்பும்போது அந்தச் செயின் அவர் முழங்காலுக்குக் கீழே ஒரு கறுப்புக் கோடு இழுத்துவிட்டது. அவர் கோட்டைப் பார்த்தார். நாங்கள் பதினெட்டு பேரும் கோட்டைப் பார்த்தோம். நேராகக் காரில் ஏறிப் போய்விட்டார். அன்றைக்கே அவர் நாலு வசவு திட்டியிருந்தால் துறைக்கு எவ்வளவோ மிச்சமாகியிருக்கும்.

பத்தாம் நாள் சுற்றறிக்கை வந்தது: 'சங்கிலிச் சீர்திருத்தத் திட்டம்'. இனிமேல் சைக்கிள் சங்கிலிக்கு எண்ணெய் விடுவது குற்றம். எல்லாச் சங்கிலிகளையும் உருக்கிய மெழுகில் முக்கி எடுக்க வேண்டும். எண்ணெய் கண்டுபிடிக்கப்பட்டால் சைக்கிள் பறிமுதல், ஆள் பாட்டில் கழுவும் பிரிவுக்கு மாற்றம்.

கூட்டம் போட்டு எங்களுக்கு விளக்கினார்கள். இயக்குநரே பேசினார்.

"நண்பர்களே, எண்ணெய்ங்கிறது என்ன? தெருவுல போற தூசியையெல்லாம் கூப்பிட்டு உட்கார வைக்கிற கெட்ட பழக்கம். மெழுகு அப்படி இல்ல. சுத்தம். நான் பிறந்ததுலேருந்து சைக்கிள் ஓட்டினதே கிடையாது. அதனாலதான் இந்த விஷயத்தை என்னால நடுநிலையோட பார்க்க முடியுது. உங்களால முடியாது. ஏன்னா நீங்க தினமும் ஓட்டுறீங்க."

கிடங்கு அதிகாரி முதலில் கைதட்டினார். எங்களுக்கு நேர் மேலதிகாரி, அவர் தட்டினால் நாங்களும் தட்டியாக வேண்டும்.

அன்று மருந்து கொடுக்கப் போனபோது மச்சானிடம் சொன்னேன். அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"மாப்ளே, மெழுகு நல்ல சரக்குதான்யா. சைக்கிள் பந்தயக்காரன் அதைத்தான் போடுறான். செயினைக் கழட்டு, மண்ணெண்ணெயில நல்லாக் கழுவு, காய வை, உருக்கின மெழுகுல முக்கி எடுத்துத் தொங்கவிடு, ஆறினதும் நாலு தடவை வளைச்சு விட்டு மாட்டு. கையில அழுக்கே ஒட்டாது. வீட்டுல செஞ்சா அரை நாள் வேலை."

"ஆபீஸ்ல செஞ்சா?"

"அது ஆண்டவனுக்குத்தான் வெளிச்சம்" என்றார்.

மறுநாள் காலை பதினெட்டு செயினையும் கழற்றி வாங்கிக்கொண்டார்கள். கிடங்கு அதிகாரி ஒவ்வொன்றுக்கும் ஒரு காகிதச் சீட்டு கட்டி எண் எழுதினார். என்னுடையதில் ஏழு.

முதல் சடங்கு, சங்கிலியில் எண்ணெய் இல்லை என்று சான்று வாங்குவது. ஆபரேஷன் அறையிலிருந்து கட்டுப் போடும் காஸ் துணி வரவழைத்து, கிடங்கு அதிகாரி கையுறை போட்டுக்கொண்டு செயினைத் துடைத்துப் பார்த்தார். துணி கறுத்தது. எண்ணெய் இருக்கிறது என்று எழுதினார். எண்ணெயை எடுக்க மண்ணெண்ணெய் கேட்டோம். மண்ணெண்ணெய் பெயரிலேயே எண்ணெய் இருப்பதால் திட்டத்தின் நோக்கத்துக்கு அது முரணாகுமா என்று அவர் மேலிடத்துக்கு எழுதிக் கேட்டார். பதில் வர ஒன்பது நாள் ஆனது. ஆகாதாம்.

"சார், அதுவரைக்கும் நாங்க எப்படிப் போறது?" என்று கேட்டேன்.

"சைக்கிள்லதான்யா போகணும். உன் பதவி என்ன?"

"சைக்கிள் விநியோகஸ்தர்."

"பின்ன? சைக்கிள் இல்லாமப் போனா நீ யாரு?"

"செயின் இல்லையே சார்."

"செயின் விநியோகஸ்தர்னு உன் உத்தரவுல எங்கயாவது இருக்கா?"

இல்லைதான். ஆக பதினெட்டு பேரும் செயின் இல்லாத சைக்கிளைத் தள்ளிக்கொண்டே ஊரைச் சுற்றினோம். சும்மா கையை வீசி நடந்திருந்தால்கூடச் சீக்கிரம் போயிருப்போம். பதினோரு வீட்டையும் தள்ளி முடிக்க எனக்கு நாலே முக்கால் மணி நேரம் ஆனது. ஏழாவது வீட்டோடு ஐஸ் தண்ணீராகிவிடும். எட்டாவது வீட்டில் புள்ளி சிவக்கத் தொடங்கும். மச்சான் வீட்டுக்குப் போகும்போது குங்குமமாக இருக்கும்.

"வழியை மாத்தி எங்கண்ணன் வீட்டுக்கு முதல்ல போனா என்ன?" என்று என் மனைவி கேட்டாள்.

மாற்றினேன். சில நாள் இந்தக் கோடியிலிருந்து, சில நாள் அந்தக் கோடியிலிருந்து. எப்படி மாற்றினாலும் நாலு வீட்டுக்குச் சிவப்புப் புள்ளிதான். அந்த நாலு வீட்டின் முகத்தைப் பார்க்க முடியாமல் நான் வாசலிலேயே தலையைக் குனிந்துகொண்டு நிற்பேன். மூன்றாவது வீட்டுத் தையற்காரம்மா, "பரவால்ல தம்பி, நாளைக்குக் கொண்டு வா" என்பார். அந்தப் 'பரவால்ல' என்னைச் செருப்பால் அடித்ததுபோல் இருக்கும்.

ஆபீஸில் இதற்கிடையே மெழுகு உருக்கும் கட்டம் வந்துவிட்டது. கிடங்கில் அடுப்பு மூட்டத் தீயணைப்பு விதி அனுமதிக்காது. கட்டடத்தில் அனுமதி பெற்ற அடுப்பு ஒன்றே ஒன்று, கேன்டீனில். எனவே டீ மாஸ்டருக்கு 'தற்காலிக மெழுகு அலுவலர்' என்று உத்தரவு போட்டார்கள். காலை பத்தரைக்கு டீ, பதினொன்றிலிருந்து மெழுகு, மூன்று மணிக்கு மறுபடி டீ. பாத்திரம் ஒன்றுதான்.

"டீ எப்படி இருக்கு?" என்று டீ மாஸ்டர் எல்லோரையும் கேட்டுக்கொண்டே இருப்பார், பாவம்.

"தொண்டையில வழுக்கிக்கிட்டுப் போகுதுண்ணே" என்றேன். பொய்யில்லை.

மெழுகு தொண்ணூறு டிகிரியில் இருக்க வேண்டும் என்று சுற்றறிக்கை சொன்னது. மருந்துத் துறையில் தெர்மாமீட்டருக்கா பஞ்சம்? கிடங்கு அதிகாரி வார்டிலிருந்து காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டர் ஒரு டஜன் எடுத்துவந்தார். முதலாவதைக் கொதிக்கும் மெழுகில் விட்டார். பட்டென்று வெடித்தது. இரண்டாவதும் வெடித்தது. நாற்பத்திரண்டு டிகிரிக்கு மேல் அதில் கோடே கிடையாது என்று டீ மாஸ்டர் மெதுவாகச் சொன்னார். மெழுகு அலுவலர் தற்காலிகம் என்பதால் அவர் கருத்து ஏற்கப்படவில்லை. பன்னிரண்டும் வெடித்த பிறகு, 'மெழுகின் வெப்பம் அளவிட முடியாத அளவுக்குத் திருப்திகரம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். பாதரசம் கொட்டிய அந்தப் பாத்திரத்தையும் மெழுகையும் மண்ணில் புதைத்துவிட்டு வேறு பாத்திரத்தில் வேறு மெழுகு உருக்கினார்கள். நல்ல வேளை, நாங்கள் இன்றும் உயிரோடு இருக்கிறோம்.

கடைசியில் சங்கிலிகளை முக்கினார்கள். எக்ஸ்ரே பிலிம் காயவைக்கும் அறையில் கிளிப் மாட்டி வரிசையாகத் தொங்கவிட்டார்கள். பதினெட்டும் பளபளவென்று தொங்கின. அழகுதான், குறை சொல்லக் கூடாது. செயினை வாங்க ஓடினேன்.

"இதுல உன்னோடது எது?" என்றார் கிடங்கு அதிகாரி.

"ஏழாம் எண் சார். சீட்டுல இருக்கும்."

சீட்டைப் பார்த்தார். நானும் பார்த்தேன். சங்கிலியோடு சீட்டையும் சேர்த்து முக்கியிருக்கிறார்கள். மெழுகு ஏறி, மை கரைந்து, பதினெட்டு சீட்டிலும் ஒரே மாதிரி ஊதாக் கறை இருந்தது.

"எல்லாச் செயினும் ஒண்ணுதான் சார். ஏதாவது ஒண்ணக் குடுங்க" என்றேன்.

அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. குழந்தை மாறினாலும் பரவாயில்லை என்று பிரசவ வார்டில் யாரோ சொல்லிவிட்டதைப் போல விழித்தார். "ஏழாம் எண் சைக்கிள்ல பதினாலாம் எண் சங்கிலி ஓடினா, தணிக்கையில என் தலை ஓடும்யா!"

அடையாளம் காணும் குழு அமைத்தார்கள். சங்கிலியை ஒவ்வொருவராக வந்து அடையாளம் காட்ட வேண்டும். நான் போய் நடுவில் தொங்கியதைக் காட்டி, "இதுதான் சார்" என்றேன்.

"எப்படிச் சொல்ற?"

"பதினாறு வருஷப் பழக்கம் சார். பார்த்ததும் தெரிஞ்சுது."

"அங்க அடையாளம் ரெண்டு சொல்லு."

"நீளமா இருக்கும் சார். வளையும்."

குழு ஏற்கவில்லை. பரிசீலனையில் வைத்தது.

அன்று மச்சான் முறைக்குச் சிவப்புப் புள்ளி. அதற்கு முதல் நாளும் சிவப்பு, அதற்கு முதல் நாளும். மச்சான் கட்டிலில் சாய்ந்திருந்தார். பக்கத்தில் இரண்டு சொம்பு தண்ணீர் காலியாக இருந்தது. என்னைக் கண்டதும் வழக்கமாக வரும் வசவு வரவில்லை. உதடு வெடித்திருந்தது. "வந்துட்டியா" என்று மட்டும் சொன்னார். கட்டில் ஓரமாக உட்கார்ந்து அழுதேன். நாற்பத்தாறு வயது ஆள் அழுதேன், இதில் என்ன மறைக்க இருக்கிறது?

"ஒத்தக் கால்தான் மிச்சம் மச்சான். அதையும் இந்த மெழுகுக்காரனுங்க வாங்கிருவானுங்க."

அவர் வாசலில் நின்ற என் சைக்கிளை எட்டிப் பார்த்தார். "உன் வண்டிக்கு முழுச் செயின் கவர்தானே?"

"ஆமா."

"உள்ள இருக்கிறது வெளிய தெரியாதே?"

"தெரியாது."

"அப்புறம் என்ன மயித்துக்கு அழுற? கட்டிலுக்கு அடியில தகரப் பெட்டி இருக்கு, இழு."

பெட்டிக்குள் ஸ்பேனர், பேரிங், பழைய செய்தித்தாளில் சுற்றிய செயின். படுத்தபடியே அவர் சொல்லச் சொல்ல நான் மாட்டினேன். "ரெண்டு சொட்டு எண்ணெய் விடு. ரெண்டுன்னா ரெண்டு. குளிப்பாட்டாதே. மிச்சத்தைத் துணியால துடை." பெடலைச் சுற்றினேன். சத்தமே இல்லாமல் ஓடியது. அந்தச் சத்தமின்மை அன்று என் காதுக்குத் தேனாக இருந்தது. கிளம்பும்போது, "மாட்டிக்கிட்டா பாட்டில் கழுவத்தான் போகணும். உன் பதினோரு வீட்டுக்கும் எவன் நடந்து வருவான்? பார்த்து நட மாப்ளே" என்றார்.

மறுநாளிலிருந்து ஆபீஸ் வாசலில் தள்ளுவேன், திருப்பம் தாண்டியதும் ஏறி மிதிப்பேன். பத்தே முக்காலுக்கு மச்சான் வீட்டு வாசலில் மணி அடிப்பேன். புள்ளி வானம்போல நீலமாக இருக்கும். நாலாம் நாள் அவர் வாயிலிருந்து வசவு திரும்பவும் வந்தது. என் மனைவி கும்பிடாத குறைதான்.

ஆனால் நான் ஒரு தப்புச் செய்தேன். எல்லாவற்றையும் ஒழுங்காகக் கொடுத்துவிட்டேன்.

அடுத்த மாதக் கடைசியில் கிடங்கு அதிகாரி கணிப்பொறியில் அந்த மாதப் பட்டியல் எடுத்தார். பதினேழு சைக்கிள்களில் பாதி மருந்து சிவந்து திரும்பியிருந்தது. சைக்கிள் எண் ஏழில் ஒன்றுகூடத் திரும்பவில்லை. சங்கிலியின் நிலை: எக்ஸ்ரே அறையில், குழுவின் பரிசீலனையில். வேறு யாராக இருந்தாலும் சந்தேகப்பட்டிருப்பார்கள். அவர் பெருமைப்பட்டார். 'மெழுகிட்ட சங்கிலி, சைக்கிளில் பொருத்தப்படாத நிலையிலும், அதன் நற்பலன் உரிய சைக்கிளைச் சென்றடைகிறது' என்று மேலிடத்துக்கு அறிக்கை அனுப்பினார்.

விழா ஏற்பாடானது. சைக்கிள் எண் ஏழுக்குப் பரிசு. பயனாளி என்ற முறையில் மச்சானையும் அழைத்தார்கள். அவரை அழைத்துவர ஆபீஸிலிருந்து ஒரு வேன் போனது. குளிரூட்டிய வேன். பதினாறு வருடத்தில் எங்களுக்கு ஒரு வேன் இருப்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

"இந்த வேன்லயே மருந்தை அனுப்பியிருக்கலாமே சார்?" என்று ஓட்டுநரைக் கேட்டேன்.

"விழாவுக்கு ஒதுக்கின வண்டிப்பா இது" என்றார் அவர்.

அன்றைய மருந்துகளோடு, ஐஸ்பெட்டி கட்டிய நிலையிலேயே என் சைக்கிளை மேடையேற்றினார்கள். எட்டரைக்குத் தொடங்க வேண்டிய விழா ஒன்பதுக்குத் தொடங்கியது. நான் ஐஸையே நினைத்துக்கொண்டு நின்றேன். செயின் கவரை யாராவது தூக்கிப் பார்த்தால் என் கதை முடிந்தது, பதினோரு வீட்டின் கதையும் முடிந்தது.

இயக்குநர் புதிய வெள்ளைக் கால்சட்டையில் எழுந்தார்.

"எண்ணெய்க் காலத்துல மாசாமாசம் சங்கிலி தேய்ஞ்சுது. மெழுகு வந்தப்புறம் தேய்மானம் பூஜ்ஜியம். நானே ஸ்கேல் வச்சு அளந்தேன். தேய்ஞ்ச சங்கிலி நீளும்பாங்க, இது ஒரு நூல்கூட நீளம் கூடலை. சங்கிலிக்கு உண்மையான எதிரி எண்ணெய்கூட இல்ல, சைக்கிள்தான்னு இப்ப நமக்குத் தெரியுது. ரெண்டையும் பிரிச்சு வச்சதுதான் இந்தத் திட்டத்தோட வெற்றி. நோயாளிகள் சிலர் மருந்து வரலைன்னு வருத்தப்படுறாங்க. அவங்க ஒண்ணைப் புரிஞ்சுக்கணும். நோய் இன்னிக்கு வரும், நாளைக்குப் போகும். துறை நிரந்தரம்."

கைதட்டல் அடங்குவதற்குள் அவர் என் சைக்கிளிடம் வந்துவிட்டார். புகைப்படக்காரர் ஏதோ சைகை காட்டினார். அதற்காக இயக்குநர் குனிந்து, செயின் கவரின் அடியில் இரண்டு விரலை விட்டுச் சிரித்தார். படம் எடுத்தார்கள். விரலை வெளியே எடுத்தார். இரண்டு விரலும் கன்னங்கரேலென்று இருந்தன. பதறி உதறியதில் கால்சட்டையில் போன தடவை விழுந்த அதே இடத்தில் ஒரு கோடு விழுந்தது.

கிடங்கு அதிகாரி நாற்காலியிலிருந்து பாதி எழுந்து பாதியிலேயே நின்றார். எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை.

"ஐயா, என்னை மன்னிச்சிருங்க. அது எண்ணெய்."

"என்னது?"

"எண்ணெய்ங்க ஐயா. ரெண்டு சொட்டு. நான்தான் விட்டேன். மருந்து கெட்டுப் போவுது, அதனாலதான்..."

இயக்குநர் விரலைப் பார்த்தார். மேடைக்குப் பின்னால் தொங்கிய 'எண்ணெயற்ற முதல் துறை' என்ற பதாகையைப் பார்த்தார். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த மேலிடத்தைப் பார்த்தார். பிறகு என்னை எரித்துவிடுவதுபோல் பார்த்தார்.

"யோவ், இதை எண்ணெய்னு சொல்ல நீ யாரு? எண்ணெயா இல்லையான்னு சொல்றதுக்குக் குழு இருக்கு. எண்ணெயை நாம ஒழிச்சாச்சு. ஒழிச்சது எப்படி இங்க இருக்க முடியும்?"

"ஐயா, சத்தியமா..."

"மாப்ளே, வாயை மூடு" என்று கீழேயிருந்து ஒரு குரல். மச்சான் ஊன்றுகோலை ஊன்றி எழுந்து நின்றார். "ஐயா, நான் முப்பது வருஷம் மெக்கானிக்கு. எனக்குத் தெரியும். அது மெழுகுதான். பழுத்துருச்சு."

"பழுத்துருச்சா?"

"ஆமாங்க. மாங்காய் பழுத்தா மஞ்சளாகிக் கொழகொழன்னு ஆகலையா? அது மாதிரி மெழுகு பழுத்தாக் கறுப்பாகி இளகிரும். நல்ல சைக்கிள்ல மட்டும்தான் பழுக்கும்."

இயக்குநரின் முகத்தில் போன உயிர் திரும்பி வந்தது. மைக்கைப் பிடித்தார். "இதைத்தான் நான் ஆரம்பத்துலேருந்து சொல்லிட்டிருந்தேன்!" கிடங்கு அதிகாரி முதலில் கைதட்டினார்.

அங்கேயே சுற்றறிக்கை எழுதப்பட்டது. இனி எல்லாச் சங்கிலிகளுக்கும் 'பழுத்த மெழுகு, திரவ வகை' இரண்டு சொட்டு விட வேண்டும். கொள்முதல் முடிந்ததும் பதினேழு சைக்கிள்களுக்கும் புதிய சங்கிலி. எனக்குச் சால்வை போட்டார்கள். நான் இறங்கப் போனபோது இயக்குநர் தடுத்தார்.

"இரு. உலகத்துல முதன்முதலா பழுத்த சங்கிலி இது. இதைச் சும்மா ரோட்டுல ஓட விடலாமா?"

என் கண்ணெதிரே சங்கிலியைக் கழற்றி, கண்ணாடிப் பேழையில் வைத்துப் பூட்டி, அவர் அறைக்கு எடுத்துப் போய்விட்டார்கள்.

வாசலுக்கு வந்தபோது வேனையும் பூட்டியிருந்தார்கள். விழா முடிந்துவிட்டதல்லவா? மணி ஒன்பதே முக்கால். ஐஸ் இன்னும் ஒன்றே முக்கால் மணி நேரம் தாங்கும். செயின் இல்லாத சைக்கிள், பதினோரு சீசா, தோளில் சால்வை. மச்சான் சுவர் ஓரமாக உட்கார்ந்து பெட்டியைத் திறந்தார். தன் சீசாவை எடுத்துப் புள்ளியைப் பார்த்தார். நீலம். ஊசியில் ஏற்றி, தொடையில் போட்டுக்கொண்டு, "இன்னிக்கு முதல் வீடு நான்தான்" என்றார்.

"மிச்சம் பத்து வீடு மச்சான். தையற்காரம்மா காலையிலேருந்து வாசல்ல நிக்கும்." வெறும் பெடலை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தேன். "என்னத்தைச் சொல்லி அங்க போய் நிப்பேன்?"

அவர் துணிப்பைக்குள் கையை விட்டார். எண்ணெய் ஊறிய ஒரு செய்தித்தாள் பொட்டலம் வெளியே வந்தது. உள்ளே இன்னொரு செயின்.

"உனக்குப் பரிசு குடுக்கப் போறாங்கன்னு சொன்னதுமே பயந்துட்டேன் மாப்ளே. அதான் ஒண்ணைக் கையோட கொண்டாந்தேன். மசமசன்னு நிக்காம மாட்டு. நீ வர்ற வரைக்கும் நான் கேன்டீன்ல டீ குடிச்சிட்டு இருக்கேன்."

"அந்த டீ மெழுகு நாறும்."

"பழுத்துருக்கும், போ."

சால்வையால் கையைத் துடைத்துக்கொண்டு சைக்கிளில் ஏறினேன். இந்தத் தடவை வாசலிலிருந்தே மிதித்தேன். பதினொன்றே கால் மணிக்குக் கடைசி வீட்டுக் கதவைத் தட்டியபோது பெட்டிக்குள் ஐஸ் இன்னும் கலகலத்துக்கொண்டிருந்தது.